பந்து காட்டும் மூச்சு

பித்தளை ஊதுகருவி வாசிப்பவர்களின் மூச்சுப் பயிற்சிச் சாதனங்கள் பலவும் மருத்துவத்திலிருந்து வந்தவை. நுரையீரல் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமீட்டரை ஜான் ஹட்சின்சன் 1846இல் விவரித்தார். பின்னாளில், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் ஆழமாக மூச்சிழுக்க, குழாய்க்குள் பந்து எழும்பும் சாதனங்கள் வந்தன. 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பனியில் டியூபா வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் அவற்றை இசை வகுப்புக்குக் கொண்டுவந்தார்.

இவை நுரையீரலைப் பெரிதாக்கும் என்று நம்புவோர் உண்டு. பெரியவர்களின் கொள்ளளவு பெரும்பாலும் உயரத்தையும் வயதையும் பொறுத்தது; பயிற்சியால் அதிகம் கூடாது. கண்ணுக்குத் தெரியாத காற்றோட்டத்தைக் காட்டுவதே சாதனத்தின் பயன்: ஓட்டம் தடைபட்டால் பந்து இறங்கிவிடும். வாசித்தே பழகலாமே என்றால், கருவியைத் தொட்டதும் பழைய பழக்கமும் ஒட்டிக்கொள்கிறது. புதியதைத் தனியே பழகுவதே எளிது. பழகியபின் சாதனத்தை ஒதுக்கிவிட்டு, இசையில் மனத்தை வையுங்கள்.