லுபான் ஜாவி: ஒரு பிசினின் நெடும் பயணம்

தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடம் வட்டாரத்தில் வெள்ளி இரவு வந்துவிட்டால் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் சாம்பிராணி மணக்கும். வீட்டின் மூத்த பெண்மணி தணலில் ஒரு துண்டை இட்டு, அறை அறையாகப் புகை காட்டி வருவார். அதே வீட்டு அடுக்களையில் எலுமிச்சைச் சாற்றுக் குப்பி ஒன்றும் இருக்கக்கூடும். எலுமிச்சைக்குப் பேர்பெற்ற புளியங்குடி பக்கத்தில்தானே இருக்கிறது! கடையில் வாங்கிய குப்பியானால், அதன் மேலொட்டிய தாளில் 'சோடியம் பென்சோயேட்' என்றோ, '211' என்ற எண்ணோ பொடி எழுத்தில் காணப்படும். தணலில் இட்ட பிசினுக்கும் குப்பியில் கலந்த உப்புக்கும் உறவு உண்டு என்றால் நம்மில் பலர் வியப்படைவோம். ஆனால் அது வரலாறு.

சாம்பிராணி என்று நாம் வழங்கும் பிசின்களுள் ஒன்று சுமத்திராத் தீவின் மலைக்காடுகளில் விளைவது. அரபு வணிகர் அதனை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவா நாட்டுக் குந்துருக்கம் என்று அழைத்தனர். அந்நாளில் சுமத்திராவையும் ஜாவா என்றே அவர்கள் குறிப்பிட்டனர். நம் மதுரைச் சுல்தானின் அவையில் தங்கியிருந்த பயணி இப்னு பதூதா, 14ஆம் நூற்றாண்டில் சுமத்திராவுக்கும் சென்று அம்மரத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

தமிழர்க்கும் அக்கரை அந்நியமன்று. சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ் துறைமுகத்தருகே, லோபு துவா என்னுமிடத்தில், 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று 1873இல் கண்டெடுக்கப்பட்டது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகப் பெருங்குழுவின் சாசனம் அது. அதிலே சாம்பிராணியின் பெயர் இல்லை. எனினும் கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் புகழ்பெற்ற அந்தத் துறையில் தமிழ் வணிகர் நிலைகொண்டிருந்தனர் என்பதற்கு அது சான்று.

'லுபான் ஜாவி' ஐரோப்பியர் நாவிலே ஏறியபோது முதலெழுத்தாகிய 'லு' உதிர்ந்து, 'பெஞ்சாய்', 'பென்சாயின்' என்று உருமாறிற்று. 1775இல் சுவீடனின் வேதியியலறிஞர் ஷீலே அப்பிசினைச் சுண்ணாம்புடன் காய்ச்சி ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பென்சாயினின் பெயரே அதற்கும் நிலைத்து, 'பென்சாயிக் அமிலம்' ஆயிற்று. 1832இல் ஜெர்மனியின் லீபிக், வோலர் இருவரும் அதன் இயைபைக் கண்டனர். 1875இல் சால்கோவ்ஸ்கி, பூஞ்சைகளை அது அடக்கும் என்று காட்டினார். அதன் சோடிய உப்பு நீரில் எளிதாகக் கரைவது. புளிப்புள்ள பண்டங்களில் நன்கு வேலை செய்வது. ஆகவே சாறுகளுக்கும் ஊறுகாய்களுக்கும் காவலாக அமர்ந்தது. இன்று தொழிற்சாலைகள் இதனைப் பிசினிலிருந்து எடுப்பதில்லை. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் டொலுவீனிலிருந்து செய்கின்றன.

அச்சமும் உடன் எழுந்தது. அமெரிக்காவில் ஹார்வி வைலி என்பவர் 1902 முதல் இளைஞர்களுக்குப் பாதுகாப்புப் பொருள்கள் கலந்த உணவைக் கொடுத்துச் சோதித்து, பென்சோயேட் ஆகாது என்றார். 1909இல் ரெம்சன் தலைமையிலான குழுவோ, சிறிய அளவில் தீங்கில்லை என்றது. 2007இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வொன்று, செயற்கை நிறங்களுடன் இவ்வுப்பும் கலந்த பானம் குழந்தைகள் சிலரிடம் துடுக்கை மிகுவித்தது என்று கண்டது.

இத்தகைய ஐயத்துக்கு ஆளான பொருள் மூளையைக் காக்கவும் உதவியது என்பதுதான் விந்தை. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே யூரியா ஆக்கத்தில் குறை இருக்கும்; இரத்தத்தில் அம்மோனியா பெருகி மூளையைச் சிதைக்கும். பென்சோயேட், உடலிலுள்ள கிளைசினுடன் சேர்ந்து ஹிப்யூரிக் அமிலமாகிச் சிறுநீரில் வெளியேறும்போது நைட்ரஜனையும் கொண்டு செல்கிறது. அமெரிக்க மருத்துவர் சால் புருசிலோ 1979இல் தொடங்கி இவ்வழியை வகுத்தார். இவ்வுப்பு சேர்ந்த மருந்துக்கு 2005இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கிற்று.

அடுத்து நினைவாற்றல். மூளையில் நினைவைப் பதிக்கும் வாயில்களுக்கு டி-செரின் என்னும் பொருள் துணை நிற்கிறது. அதனை ஒரு நொதி சிதைக்கிறது. பென்சோயேட் அந்நொதியைத் தடுக்கிறது. இதனை அடிப்படையாகக் கொண்டு தைவான் மருத்துவர்கள் 2013இல் மனச்சிதைவு நோயாளிகள் 52 பேரிடமும், 2014இல் மறதி நோயின் தொடக்கத்தில் இருந்த 60 பேரிடமும் நடத்திய ஆய்வுகளை வெளியிட்டனர். பின்னவர்க்கு நாளொன்றுக்கு 250 முதல் 750 மில்லிகிராம் வரை, 24 வாரங்கள் கொடுத்ததில் அறிவுத்திறன் மேம்பட்டது. ஆனால் ஆஸ்திரேலியாவில் மனப்பிறழ்வின் தொடக்கத்தில் இருந்த 100 பேரிடம் நடந்து, 2020இல் வெளியான ஆய்விலோ பயன் எதுவும் தென்படவில்லை.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது என்ன? அம்மோனியாக் குழந்தைக்கு இவ்வுப்பு மெய்ப்பிக்கப்பட்ட மருந்து. மறதிக்கு அது இன்னும் ஒரு நம்பிக்கை மட்டுமே. அந்நம்பிக்கையைப் பற்றிக்கொண்டு குப்பிச் சாற்றை மிகுதியாகப் பருகினால், மருந்து சேர்வதைவிடச் சர்க்கரை சேர்வதே உறுதி. சாம்பிராணிப் புகையை நெருங்கி முகர்ந்தால் நினைவு வளரும் என்பாரும் தவறுவர். புகை நெஞ்சுக்கு நல்லதன்று. 'இரசாயனம்' என்ற சொல்லைக் கேட்டதும் நஞ்சென்று அஞ்சுவதும் நேர்மையாகாது. அளவும் ஆளும் நோயும் அறிந்தே ஒரு பொருள் மருந்தா, நஞ்சா என்று முடிவு செய்ய வேண்டும்.

நம் வீடுகளில் வாப்பாவோ உம்மாவோ தொழுத தொழுகையையே மறந்து மீண்டும் தொழ எழும்போது, 'வயசாகிவிட்டது' என்று சிரித்து ஒதுக்கிவிடுகிறோம். மறதிக்குச் சில வேளைகளில் தைராய்டுக் குறையோ, வைட்டமின் பி12 குறைவோ காரணமாகலாம், அவை சரிசெய்யத்தக்கவை. அன்று நாம் தேட வேண்டியது செய்தித்தாளில் வந்த புதுமருந்தையன்று, மருத்துவரை. வெள்ளி இரவின் நறுமணத்தை நமக்குப் பழக்கியவர்கள் அந்தப் பெரியவர்கள். அந்த மணத்தை அவர்களே மறக்கத் தொடங்கும் நாளில், காலந்தாழ்த்தாமல் அவர்கள் கையைப் பிடித்து அழைத்துச் செல்வது நம் கடன்.