கடைசிப் பந்திலிருந்து கணக்கு

1954 மார்ச் 19. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்ட். வில்லி மொஸ்கோனி ஒரு காட்சி ஆட்டத்தில் ஒன்று கூடத் தவறாமல் 526 பந்துகளைக் குழியில் தள்ளினார். குறி பார்த்து அடித்தால் மட்டும் இது முடியுமா? முடியாது நண்பர்களே!

ஆடியது 'ஸ்ட்ரெய்ட் பூல்'. 15 பந்தில் 14 விழுந்ததும் அவற்றை மறுபடி முக்கோணமாக அடுக்குவார்கள். மிச்சமிருக்கும் பந்தைப் போடும் அதே அடியில் வெள்ளைப் பந்து அடுக்கையும் கலைக்க வேண்டும். கலையாவிட்டால் அடுத்து அடிக்கப் பந்து கிடைப்பது கஷ்டம். அதனால் கடைசிக்கு எதை விடுவது, அதற்கு முந்தியது எது என்று பின்னாலிருந்து யோசிக்க வேண்டும். மொஸ்கோனிக்கு அன்று இந்தக் கணக்கு குறைந்தது 37 தடவை பலித்தது!

2019-ல் ஜான் ஷ்மிட் 626 போடும் வரை, 65 வருஷம், ஏற்கப்பட்ட சாதனை அதுதான்.