எலியின் பேரேடும் மனிதனின் பேரேடும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.காம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு உயிரியல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. வங்கியில் சேர்ந்து இருபது வருடமாக வடக்கே ஊர் ஊராகச் சுற்றுகிறவன். அப்படிப்பட்டவன் மரபணு பற்றி எழுதுவதைப் பார்த்து டாக்டர் நண்பர்கள் சிரித்தால் பரவாயில்லை. தப்பு இருந்தால் மட்டும் சொல்லிவிடுங்கள்.

2017 டிசம்பர். அப்போது நாங்கள் நாக்பூரில் இருந்தோம். கும்பகோணத்திலிருந்து இரண்டு மாதம் தங்கலாம் என்று வந்திருந்த அப்பாவுக்குச் சளி, இருமல். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம், நிமோனியா என்றார்கள். மூன்றாம் நாள் ஐசியூ. டாக்டர் இந்தியில் சொல்வதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். 'செப்சிஸ்' என்றார். அதற்கு என்னிடம் தமிழ் இல்லை. "கிருமி ரத்தத்துல கலந்துடுச்சும்மா" என்றேன். அது பாதிதான் சரி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கிருமியை விரட்டக் கிளம்பிய நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே நிலைதவறி, சிறுநீரகம், நுரையீரல் என்று நம் உறுப்புகளையே கெடுப்பதுதான் செப்சிஸ்.

"இவ்வளவு மிஷின் வச்சிருக்காங்க, இதுக்குன்னு ஒரு மருந்து இல்லையாடா?" என்று அம்மா கேட்டாள். நானும் டாக்டரிடம் கேட்டேன். ஆன்டிபயாடிக், சலைன், ரத்த அழுத்தம் விழாமல் இருக்க மருந்து. அவ்வளவுதான் என்றார். ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார்.

ஏன் மருந்து இல்லை என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. பெங்களூரில் பயோடெக் படித்த அக்கா பையன் ஒருநாள் இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளை அனுப்பினான். "மாமா, இது உங்க சப்ஜெக்ட். ரீகன்சிலியேஷன் தகராறு" என்று எழுதியிருந்தான். படித்தேன். நாலு தடவை படித்த பிறகுதான் புரிந்தது. பையன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். எங்கள் வங்கியின் எல்லாக் கிளைகளிலும் ஒரே விதிமுறைப் புத்தகம்தான். ஆனால் விவசாயக் கடன் கொடுக்கிற கிளையில் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து எடுத்து மாளாது, அந்நியச் செலாவணி பார்க்கிற கிளையில் வேறு பக்கம். உடம்பும் அப்படித்தான். ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏ புத்தகம். எந்தப் பக்கத்துக்கு எத்தனை நகல் ஓடுகிறது என்பதில்தான் ஈரல் செல்லுக்கும் ரத்தச் செல்லுக்கும் வித்தியாசம். அந்த நகலுக்கு ஆர்என்ஏ என்று பெயர். நோய் வந்தால் நகல் கணக்கு மாறும். ஆயிரக்கணக்கான பக்கங்களின் நகலை ஒரே நேரத்தில் எண்ணிப் பார்த்தால், உடம்புக்குள் என்ன உத்தரவு ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இப்படிக் கும்பலாக எண்ணும் வழி 1995-ல் வந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் ஷீனா, டாரி ஷாலன், ரொனால்ட் டேவிஸ், பேட்ரிக் பிரவுன் நால்வரும் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் மரபணுத் துணுக்குகளைப் பொட்டுப் பொட்டாக வைத்தார்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய நகல்களை அதன்மேல் ஊற்றினால் ஒவ்வொன்றும் தன் ஜோடியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பொட்டு எவ்வளவு பளிச்சிடுகிறதோ, அந்தப் பக்கத்துக்கு அவ்வளவு நகல். மைக்ரோஅரே என்று பெயர். முதல் முயற்சியில் பார்த்தது ஒரு கடுகு வகைச் செடியின் 45 மரபணுக்களைத்தான். சில வருடங்களிலேயே மனிதனின் மொத்தப் புத்தகத்தையும் விரல் நுனி அளவுச் சில்லில் அடைத்துவிட்டார்கள்.

ரொனால்ட் டேவிஸ் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வருவார்.

இனி செப்சிஸ். ஒரு மருந்தை மனிதனுக்குக் கொடுக்கும் முன் எலிக்குக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். எலி பிழைத்தது. அதை நம்பி மனிதர்களிடம் போனார்கள். நோயின் வீக்கத்தை அடக்குவதற்கென்று ஏறக்குறைய 150 மருத்துவப் பரிசோதனைகள் நடந்தன. ஒன்றும் தேறவில்லை. 2001-ல் அமெரிக்க அனுமதி வாங்கி விற்பனைக்கு வந்த ஜிக்ரிஸ் என்ற மருந்தைக்கூட, புதிய பரிசோதனையில் பலன் தெரியவில்லை என்று 2011 அக்டோபரில் கம்பெனியே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. எலியிடம் பாஸ், மனிதனிடம் ஃபெயில். நூறு தடவைக்கு மேல் இப்படி நடந்தால், எந்த ஆடிட்டரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நாம் ஒத்துப் பார்ப்பது சரியான புத்தகத்தைத்தானா?

அமெரிக்க அரசின் பணத்தில் 2001-ல் தொடங்கிய ஒரு பெரிய கூட்டுத் திட்டம் இதைக் கேட்டது. விபத்தில் அடிபட்ட 167 பேர், தீக்காயம் பட்ட 244 பேர், கிருமியின் நச்சைத் துளியளவு ஏற்றிக்கொண்ட ஆரோக்கியமான 4 தன்னார்வலர்கள். எல்லோருடைய வெள்ளணுக்களிலும் நகல்களை எண்ணினார்கள். எலிகளுக்கும் அதே மூன்று நிலைகளை உண்டாக்கி எண்ணினார்கள். 2013 பிப்ரவரியில் கட்டுரை வந்தது. ஜுன்ஹீ சியோக், ஷா வாரன் என்று தொடங்கி நீண்ட ஆசிரியர் பட்டியல். அதன் கடைசிப் பக்கம் பார்த்தால் நம் ரொனால்ட் டேவிஸ்!

விபத்துக்காரர்களையும் தீக்காயக்காரர்களையும் ஒப்பிட்டால், 1 என்றால் அச்சு அசல், 0 என்றால் சம்பந்தமே இல்லை என்ற அளவுகோலில், 0.91. காரணம் வேறாக இருந்தும் மனித உடம்பு கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொல்கிறது. மனிதனில் மாறிய மரபணுக்களில் எலியிலும் இணை உள்ள 4918-ஐ எடுத்து எலியோடு ஒப்பிட்டால், 0-க்கும் 0.1-க்கும் இடையில். எலியில் மாற்றங்கள் சில மணியிலோ சில நாளிலோ அடங்கிவிடுகின்றன, அடிபட்ட மனிதனில் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. எலி மாதிரிகள் மனித நோயைச் சரியாகப் பிரதிபலிக்கவில்லை என்று தலைப்பிலேயே போட்டுவிட்டார்கள். பத்திரிகைகளில் பெரிய செய்தி. எலியை வைத்தே வாழ்க்கையை ஓட்டிய ஆராய்ச்சியாளர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த எண்களையெல்லாம் பொதுக் களஞ்சியத்தில் போட்டிருந்தார்கள், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஜப்பானில் கெய்ஸோ டகாவோ, சுயோஷி மியாகவா என்ற இருவர் எடுத்தார்கள். புது எலி கிடையாது, புது நோயாளி கிடையாது. அதே புத்தகம். 2014 ஆகஸ்டில் அதே சஞ்சிகையில், எலி மனித நோயை நன்றாகவே பிரதிபலிக்கிறது என்று எழுதினார்கள். தலைப்பில்கூட அதே வாசகம், ஒரு சொல்தான் தலைகீழ். அவர்கள் கணக்கில் 77 முதல் 93 சதவீத மரபணுக்கள் மனிதனிலும் எலியிலும் ஒரே திசையில் ஏறியோ இறங்கியோ இருந்தன.

எப்படி? இங்கேதான் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. தலைமை அலுவலகப் பேரேட்டையும் கிளைப் பேரேட்டையும் ஒத்துப் பார்க்கிறோம் என்று வையுங்கள். முதல் ஆடிட்டர் தலைமை அலுவலகத்தின் அத்தனை பதிவுகளையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கிளையில் ஜோடி எங்கே என்று கேட்கிறார். இரண்டாம் ஆடிட்டர் இரண்டு புத்தகத்திலும் இருக்கிற பதிவுகளை மட்டும் பொறுக்கி, பற்றும் வரவும் பொருந்துகிறதா என்று பார்க்கிறார். ஜப்பானியர்கள் செய்தது இரண்டாவது. மனிதன், எலி இரண்டிலும் தெளிவாக மாறிய மரபணுக்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சியோக் அணியினர் சும்மா இருப்பார்களா? எலிகள் மனிதர்கள் அல்ல என்ற தலைப்பிலேயே 2015-ல் பதில் எழுதினார்கள். பொருந்துவதை மட்டும் தேர்ந்தெடுத்தால் பொருந்தத்தானே செய்யும் என்பது வாதம்.

என் தீர்ப்பைக் கேட்டால், பாதி மனசு முதல் ஆடிட்டரோடு. ஜோடி இல்லாத பதிவுகளை ஒதுக்கிவிட்டு 'டாலி ஆகிவிட்டது' என்று சொன்னால் என் மேலதிகாரி என்னைச் சும்மா விடமாட்டார். ஆனால் முதல் அணியின் புத்தகமும் அப்பழுக்கில்லாதது அல்ல. எலிகள் எல்லாம் ஒரே இனம், உடன்பிறப்புக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து வந்த, ஒரே அச்சில் வார்த்த எலிகள். மனிதர்களோ பல வயது, ஐசியூவில் பல மருந்து ஏறியவர்கள். போதாததற்கு, மனித ரத்தத்தின் வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை அதிகம், எலி ரத்தத்தில் லிம்ஃபோசைட் என்ற வகை அதிகம். கிளையில் ஊழியர்களே வேறு என்றால் ஜெராக்ஸ் கணக்கு வேறாக வருவதில் என்ன ஆச்சரியம்? இந்த விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

சண்டையில் ஒரு நல்லது நடந்தது. மனிதர்களுக்குள்ளேயே இன்னும் உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினார்கள். 2016-ல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆட்கள், நிமோனியாவால் செப்சிஸ் வந்து பிரிட்டன் ஐசியூக்களில் கிடந்தவர்களின் வெள்ளணு நகல்களை எண்ணி, அவர்கள் இரண்டு கும்பலாகப் பிரிவதைக் காட்டினார்கள். முதல் கும்பலில் எதிர்ப்பு சக்தி களைத்துப் படுத்துவிட்டிருந்தது, இறப்பும் அதிகம். இரண்டாவதில் எதிர்ப்பு சக்தி இன்னும் விழித்திருந்தது. வெளியிலிருந்து பார்க்கிற டாக்டருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 2019-ல் இந்தப் பிரிவினையை வைத்து இன்னொரு பிரிட்டிஷ் பரிசோதனையின் ரத்த மாதிரிகளைப் பார்த்தார்கள். இரண்டாம் கும்பல்காரர்களில், ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்கள், கொடுக்கப்படாதவர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். சின்ன எண்ணிக்கைதான், இதை மட்டும் வைத்து எந்த டாக்டரும் மருந்தை மாற்றமாட்டார். அதே 2019-ல் அமெரிக்க அரசின் அந்த நிதி நிறுவனமும், செப்சிஸ் ஆராய்ச்சியில் மனித நோயாளிகளின் மாதிரிகளை வைத்துச் செய்யும் வேலைக்கு முன்னுரிமை என்று அறிவித்தது.

அப்பாவின் கேஸ் ஷீட் நகல் என் பீரோவில் இருக்கிறது, இன்ஷூரன்ஸுக்காக வாங்கியது. அந்த 2019 கட்டுரையைப் படித்த ராத்திரி எடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள், நர்ஸின் கையெழுத்தில்: ஹைட்ரோகார்ட்டிசோன் 50 மி.கி., ஆறு மணிக்கு ஒரு முறை. அதில் தவறு ஒன்றும் இல்லை, ரத்த அழுத்தம் ஏறாத செப்சிஸுக்கு அன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் வழக்கம். முதல் கும்பலா, இரண்டாவதா என்று ரத்தத்தைப் பார்த்துச் சொல்லும் சோதனை 2017-ல் அந்த ஐசியூவில் மட்டுமல்ல, எந்த ஐசியூவிலும் கட்டில் பக்கத்தில் கிடையாது.

தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, விளக்கு எரிவதைப் பார்த்து, "என்னடா இன்னும் தூங்கலையா?" என்றாள்.

"ஆபீஸ் கணக்கும்மா" என்றேன்.