மாணவர் வாடகை ஒப்பந்தம் (தமிழ்நாடு)

வாடகை ஒப்பந்தம் என்பது, ஒரு கட்டடத்தையோ அதன் ஒரு பகுதியையோ குறிப்பிட்ட காலத்துக்குக் குறிப்பிட்ட வாடகைக்குப் பயன்படுத்துவது குறித்து உரிமையாளரும் வாடகைதாரரும் செய்துகொள்ளும் உடன்படிக்கை ஆகும். கல்வியின் பொருட்டு வெளியூரில் வீடு எடுத்துத் தங்கும் மாணவர் பலர் தம் பெயரில் கையொப்பமிடும் முதல் சட்ட ஆவணம் இதுவேயாகும். தமிழ்நாட்டில் மாணவர்கள் தனித்தோ கூட்டாகவோ வீடு எடுக்கும்போது அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வாடகைதாரருக்குச் சட்டம் வழங்கும் பாதுகாப்புகளுள் சில, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாதவரை மட்டுமே செல்லுபடியாகும். ஆகவே ஒப்பந்தத்தைப் படித்தபின் கையொப்பமிடுதல் இன்றியமையாதது.

சட்டப் பின்னணி

இந்தியாவில் குத்தகை, வாடகை ஆகியவற்றுக்கான பொது விதிகள் 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் 1960 ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்துதல் சட்டம், 2017, பெப்ரவரி 22, 2019 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், வாடகை அதிகாரியிடம் பதியப்பட வேண்டும் என்றும் இச்சட்டம் கூறுகிறது.

பெரும்பாலான ஒப்பந்தங்கள் 11 மாதங்களுக்கு எழுதப்படுவதற்குக் காரணம் 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆகும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும் என்று அச்சட்டத்தின் 17 ஆம் பிரிவு கூறுகிறது. 11 மாத ஒப்பந்தத்துக்கு அக்கட்டாயம் இல்லை. இதனால் அதற்கு எவ்விதப் பதிவும் தேவையில்லை என்று பலர் கருதுகின்றனர். இது சரியன்று, வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு, சார்பதிவாளரிடம் செய்யும் பதிவு வேறு.

கையொப்பமிடும் தகுதி

1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, 18 வயது நிறைவடையாதவர் ஒப்பந்தம் செய்யும் தகுதி அற்றவர். அத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்பதை 1903 ஆம் ஆண்டில் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் உறுதிப்படுத்தியது. கல்லூரி முதலாண்டு மாணவர்களுள் 17 வயதினரும் இருப்பதால், அவர்களுக்கான வாடகை ஒப்பந்தத்தில் பெற்றோரோ பாதுகாவலரோ வாடகைதாரராகக் கையொப்பமிடுவதே முறையாகும்.

தங்கலின் வகைகள்

மாணவர் தங்கல் பொதுவாக மூன்று வகைப்படும்.

வாடகை: மாதந்தோறும் பணம் செலுத்தித் தனி வீட்டில் குடியிருத்தல்.

போக்கியம்: பெருந்தொகை ஒன்றை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் அத்தொகையைத் திரும்பப் பெறுதல். தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் இது "லீஸ்" எனப்படுகிறது. சட்ட நூல்களில் அச்சொல் குத்தகை முழுவதையும் குறிக்கும்.

உரிமம்: தனியார் விடுதிகளிலும் உணவுடன் கூடிய தங்குமிடங்களிலும் படுக்கை ஒன்றைப் பயன்படுத்த அனுமதி பெறுதல். இங்கு இடத்தின் மீது தனி உடைமை கிடைப்பதில்லை. எனவே முன்பணம், முன்னறிவிப்பு ஆகியவை பெரிதும் விடுதியின் விதிகளைப் பொறுத்தவை. அவ்விதிகளை எழுத்தில் கேட்டுப் பெறுதல் நல்லது. பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள் 2014 ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்றால் ஒழுங்குபடுத்தப்படுகின்றன.

ஆவணத்தின் தலைப்பு மட்டும் வகையைத் தீர்மானிப்பதில்லை. அதன் உள்ளடக்கமே முக்கியம் என்று 1959 ஆம் ஆண்டில் அசோசியேட்டட் ஓட்டல்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பத்திர வழக்குச் சொற்கள்

தமிழில் எழுதப்படும் ஒப்பந்தங்களில் மாணவர்களுக்குப் பழக்கமில்லாத பல சொற்கள் வருகின்றன. அவற்றுள் சில:

ஷரத்து - நிபந்தனை
கெடு - காலவரம்பு
வாயிதா - தவணை, குறித்த நாள்
சுவாதீனம் - உடைமை, கைவசம்
பாக்கி - செலுத்தப்படாமல் நிலுவையில் உள்ள தொகை
மேற்படி - முன்னர்க் குறிப்பிட்ட

முன்பணம்

பேச்சுவழக்கில் "அட்வான்ஸ்" எனப்படும் முன்பணம், வாடகை நிலுவைக்கும் சேதத்துக்கும் ஈடாக உரிமையாளர் வைத்துக்கொள்ளும் தொகையாகும். 2017 ஆம் ஆண்டின் சட்டப்படி இது மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. ஆயினும் "மாறான உடன்பாடு இருந்தாலன்றி" என்னும் சொற்கள் அவ்விதியின் தொடக்கத்திலேயே உள்ளன. எடுத்துக்காட்டாக, மாத வாடகை 12,000 ரூபாய் எனில் முன்பணத்தின் வரம்பு 36,000 ரூபாய் ஆகும். ஆனால் 1,00,000 ரூபாய் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பமிட்டபின், வாடகைதாரர் அவ்வரம்பைச் சுட்டிக்காட்டுவது கடினம். பேரம் பேசுவதற்கு உரிய காலம் கையொப்பத்துக்கு முந்தியதாகும்.

வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தரவேண்டியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

பராமரிப்பும் வண்ணப்பூச்சும்

காலி செய்யும்போது வெள்ளையடிக்கவென்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. மேற்படி சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், குழாய்கள் மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவற்றை உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. தண்ணீர்க் குழாயின் திருகு, கழிவுநீர்ப் போக்கு, மின்விசை, பூட்டு, சன்னல் கண்ணாடி போன்ற சிறு பழுதுகள் வாடகைதாரரைச் சேர்ந்தவை. இயல்பான பயன்பாட்டால் ஏற்படும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்லர்.

இங்கும் ஒப்பந்தமே முந்துகிறது. "காலி செய்யும்போது வண்ணப்பூச்சுச் செலவு வாடகைதாரரைச் சேர்ந்தது" என்ற ஷரத்தில் கையொப்பமிட்டவர் அட்டவணையை எடுத்துக்காட்டிப் பயனில்லை. அத்தகைய ஷரத்தை நீக்கவோ, தொகைக்கு உச்ச வரம்பு குறிக்கவோ முன்னதாகவே கேட்கலாம்.

கூட்டாகத் தங்குதல்

பல மாணவர்கள் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்து கையொப்பமிட்டால், மாறான ஏற்பாடு இல்லாதவரை, ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் பொறுப்பாவர். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43 ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. எடுத்துக்காட்டாக, 15,000 ரூபாய் வாடகையில் மூவர் தங்கி, ஒருவர் சொல்லாமல் வெளியேறினால், மீதி இருவரில் எவரிடமும் 15,000 ரூபாயையும் உரிமையாளர் கேட்கலாம். வெளியேறியவரின் பங்கான 5,000 ரூபாயை அவரிடமிருந்து பெறும் உரிமை, செலுத்தியவருக்கு உண்டு. மாறாக, ஒருவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் இருந்தால், உரிமையாளரிடம் பொறுப்பும் உரிமையும் அவருக்கே உரியவை. முன்பணம் திரும்பி வருவதும் அவர் கைக்கே. எனவே மாணவர்கள் தமக்குள் யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை எழுதி வைத்துக்கொள்வது நன்று.

உரிமையாளரின் எழுத்து ஒப்புதலின்றி உள்வாடகைக்கு விடுதல் கூடாது. ஒருவருக்குப் பதிலாகப் புதிய மாணவரைச் சேர்க்கும்போதும் உரிமையாளரின் எழுத்து ஒப்புதலைப் பெறுவது பாதுகாப்பானது.

உரிமையாளரின் வரம்புகள்

வாடகை நிலுவையில் இருந்தாலும், தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியச் சேவைகளை உரிமையாளர் துண்டிக்கக் கூடாது. பழுது பார்க்கவோ வீட்டைப் பார்வையிடவோ நுழைவதற்கு 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாடகை பெற்றதற்குக் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டுக் கேட்பது வாடகைதாரரின் உரிமை. வங்கி வழியாகச் செலுத்தினால் வங்கிப் பதிவே சான்றாகும்.

வெளியேற மறுக்கும் வாடகைதாரரைப் பூட்டுப் போட்டு வெளியேற்ற முடியாது. வாடகை நீதிமன்றத்தின் ஆணை தேவை. சேவைத் துண்டிப்புக் குறித்து வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். இவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஆவார். வாடகை நீதிமன்றத்தின் ஆணைக்கு எதிரான மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்தில் செய்யப்படும்.

கையொப்பமிடுமுன் கவனிக்க வேண்டியவை

1. கையொப்பமிடுபவர் வீட்டின் உரிமையாளர்தானா என்பதைச் சொத்துவரி அல்லது மின்கட்டணச் சீட்டில் உள்ள பெயருடன் ஒப்பிடுதல்.
2. முன்பணத் தொகை, பெற்ற நாள், திருப்பித் தரும் கெடு ஆகியவை எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கப்படுதல்.
3. பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம் ஆகியவை வாடகையில் அடங்குமா என்பது தெளிவாதல்.
4. காலி செய்வதற்கான முன்னறிவிப்புக் காலம் இரு தரப்புக்கும் ஒன்றாக இருத்தல். கல்வியாண்டு முடியும் மாதத்துக்குப் பின்னும் வாடகை தர வேண்டிய கட்டாயம் உள்ளதா என்று பார்த்தல்.
5. குடிபுகும் நாளில் மின்மானி அளவைக் குறித்தல். சுவர், கதவு, கழிவறை ஆகியவற்றை ஒளிப்படம் எடுத்தல்.
6. நிரப்பப்படாத இடங்கள் உள்ள தாளில் கையொப்பமிடாமை. கையொப்பமிட்ட ஒரு படியைப் பெற்றுக்கொள்ளல்.

இவற்றையும் பார்க்க

குத்தகை
போக்கியம்
இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872
சொத்து மாற்றச் சட்டம், 1882
முத்திரைத்தாள்