வராமலே ஊரைக் காலி செய்த விமானம்

1942 ஏப்ரலில் சென்னை காலியான கதையைச் சொல்லாத பழைய மயிலாப்பூர்க் குடும்பம் குறைவு. ‘ஜப்பான்காரன் குண்டு போட்டான், எல்லோரும் ஊரைவிட்டு ஓடினோம்’ என்று ஒரே மூச்சில் கதை முடிந்துவிடும். எந்த நாள், எந்த விமானம், குண்டு எங்கே விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள். மூன்று தனித்தனிச் சம்பவங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பது தெரியும். இந்தக் குழப்பத்தைப் பிரித்தெடுக்க, அந்தக் காலத்துக் குண்டுவீச்சு விமானத்தைச் சின்ன அளவில் செய்து வண்ணம் பூசுகிறவரின் பிடிவாதம் பெரிதும் உதவும் என்பது என் கட்சி. ‘ஏதோ ஒரு ஜப்பான் விமானம்’ என்று அவர் விட்டுவிட முடியாது. எந்தக் கப்பலின் விமானம், எந்த மாதத்தில் பறந்தது என்று முடிவு செய்யாமல் தூரிகையை நனைக்கவே வழியில்லை.

நடந்ததை வரிசைப்படுத்திப் பார்ப்போம். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு: ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் விமானி ஃபுச்சிதாவின் தலைமையில் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 அன்று அதே படை திருகோணமலையைத் தாக்கி, மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹெர்மிஸை’ மூழ்கடித்தது. இடையில் ஏப்ரல் 6 அன்று வங்கக் கடலில் வேறொரு படை வேலையில் இறங்கியிருந்தது. இன்னொரு ஜப்பானியத் தளபதியான ஒசாவாவின் அந்தப் படையில் இருந்த விமானந்தாங்கி ஒன்றே ஒன்று, சிறிய ‘ர்யூஜோ’. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டவை அதன் விமானங்கள். சென்னையைக் கலக்கியது இந்தச் செய்திதான். ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு, நகரில் இருக்க அவசியம் இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்றது. அரசு அலுவலகங்களே வெளியூர்களுக்கு இடம் மாறின. பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகள் கூண்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டன. ஆனால் அந்த ஏப்ரலில் சென்னையில் ஒரு குண்டும் விழவில்லை. விழுந்தது 1943 அக்டோபரில், தனியாக வந்த ஒரு விமானத்திலிருந்து, சேதமும் சொற்பம். பாட்டிமார் கதைகளில் இந்த ஒன்றரை வருட இடைவெளி மறைந்துபோய்விட்டது.

ஆகவே சென்னையின் 1942-க்கு உரிய மாதிரி, ர்யூஜோவிலிருந்து பறந்த நகாஜிமா பி5என். நேச நாட்டார் பிற்பாடு ‘கேட்’ என்று பெயரிட்டது இதற்குத்தான். மூவர் அமரும் ஒற்றை எஞ்சின் விமானம். வயிற்றுக்கடியில் 800 கிலோ டார்பிடோவையோ அதே எடைக்குக் குண்டுகளையோ சுமக்கும். பதினைந்தரை மீட்டர் இறக்கை, 1/72 அளவில் சுமார் இருபத்தொன்றரை சென்டிமீட்டராகிவிடும். மேல்புறம் கரும்பச்சை, அதில் சிவப்பு வட்டம். பேர்ல் ஹார்பர் காலத்து ‘கேட்’களில் அந்த வட்டத்தைச் சுற்றி வெள்ளை வளையம் இல்லை, அது பின்னால் வந்த வழக்கம். உள்ளறைச் சுவர்களில் சில இடங்களுக்கு ‘ஆவோதாகே’ என்ற ஊடுதெரியும் நீலப்பச்சை அரக்குப் பூச்சு உண்டு. முதலில் வெள்ளியைப் பூசி, காய்ந்தபின் நீலமும் பச்சையும் கலந்த மெல்லிய பூச்சை மேலே ஓட்டினால்தான், உலோகம் அடியிலிருந்து மினுங்கும் அந்தச் சாயல் கிடைக்கும். பலர் சறுக்குவது கடைசிக் கட்டத்தில். பச்சை உரிந்து அலுமினியம் திட்டுத்திட்டாகத் தெரிகிறபடி விமானத்தைச் சீரழித்துவிடுவார்கள். அப்படி உரிந்த விமானங்களின் புகைப்படங்கள் பெரும்பாலும் போரின் பிற்பகுதியில், தீவுத் தளங்களில் வெயிலிலும் மழையிலும் கிடந்தவற்றைக் காட்டுகின்றன. கப்பலின் கொட்டகைக்குள் பராமரிக்கப்பட்ட 1942 ஏப்ரல் விமானம் அவ்வளவு கிழடு தட்டியிருக்க நியாயமில்லை. தோற்கப்போகிற படையின் முகத்தை, வென்றுகொண்டிருந்த படைக்கு ஒட்டவைக்கிற வேலை அது. நம் வீட்டுக் கதைகளும் 1943-ஐ 1942-இன் மேல் இப்படித்தான் பூசியிருக்கின்றன.

கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்துக்கொண்டு நிறத்தைப் பற்றி அடித்துப் பேசலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பறக்கும் நிலையில் ஒரு ‘கேட்’கூட மிஞ்சவில்லை, 1970-இல் வந்த ‘டோரா! டோரா! டோரா!’ படத்துக்கே அமெரிக்கப் பயிற்சி விமானங்களை உருமாற்றித்தான் பறக்கவிட்டார்கள். அடிப்புறம் சாம்பலா, வெற்று உலோகமா என்பதில் இருவேறு கருத்து எப்போதும் இருக்கும். அதற்காக எல்லாமே ஊகம் என்று ஆகிவிடாது. எது உறுதி, எது ஊகம் என்று பகுதி பகுதியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்த வேலையில் தானாக வந்து சேர்கிறது. வாய்மொழி வரலாற்றில் இல்லாமல்போனது அந்தக் கணக்குதான். எதிரியின் கொலைக்கருவியை அலமாரியில் அழகு பார்ப்பதா என்ற இன்னொரு ஆட்சேபம் இன்னும் கனமானது. கொழும்பில் அங்கொடை மனநல மருத்துவமனையும் அந்த ஈஸ்டர் காலையில் குண்டுக்குத் தப்பவில்லை. பீடத்தில் தேதியும் இடமும் இல்லாமல், பளபளப்புக்காக மட்டும் நிற்கிற மாதிரியைப் பொறுத்தவரை இந்த ஆட்சேபத்தை நான் ஒப்புக்கொள்கிறேன்.

சென்னைக்கு வராத விமானத்துக்கு இங்கே ஏன் இடம் என்பாரும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டதற்கு உயர் நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. குண்டு பட்ட இடத்தைக் காட்டலாம். பயம் பட்ட இடத்தைக் காட்ட முடியாது. லட்சக்கணக்கானோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனதற்கு இந்த நகரத்தில் என்ன சின்னம் இருக்கிறது? நந்தனம் போன்ற பேட்டையில் இந்தக் குறை இரட்டிப்பு. அந்தக் குடியிருப்பே 1942-இல் கிடையாது. 1952-இல் பிறந்த நந்தன வருடத்தை ஒட்டி ராஜாஜி வைத்த பெயர் என்பார்கள். அங்கே இன்று சொல்லப்படும் ‘எவாக்குவேஷன்’ கதைகள் மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் குடிவந்தவர்கள் கையோடு கொண்டுவந்தவை. கைமாறக் கைமாறத் தேதி உதிர்ந்துவிட்டது.

ர்யூஜோ அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று சாலமன் தீவுகளுக்கு அருகே மூழ்கியது. அதன் விமானத்தை யாராவது செய்து முடித்தால், பீடத்தில் ‘மெட்ராஸ்’ என்று எழுதிவிட வேண்டாம். ‘விசாகப்பட்டினம், 6 ஏப்ரல் 1942’ என்று எழுதுங்கள்.