பெர்லினிலிருந்து வேடசந்தூர் சாலை வரை: ஜேசான் வந்த வழி

திண்டுக்கல்லில் ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பவர்கள் 'ஜேசான் ஏத்தியாச்சா?' என்று சர்வசாதாரணமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். கணினிகள் ஒன்றுக்கொன்று விவரம் அனுப்பும் எழுத்து வடிவமான அந்த ஜேசான் பிறந்தது வரி அலுவலகத்தில் அல்ல.

ஒரு நிறுவனத்தின் கணக்கு இன்னொன்றுக்குப் புரிய வேண்டுமானால், எந்த விவரம் எந்த வரிசையில் வரும் என்று முன்பே பேசிவைக்க வேண்டும். 1948இல் சோவியத் படை பெர்லினை முற்றுகையிட்டபோது, விமானத்தில் உணவும் நிலக்கரியும் போய்க்கொண்டே இருந்தன; சரக்குப் பட்டியலோ நாட்டுக்கொரு விதமாக இருந்தது. எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்க ராணுவத்தினர் எல்லாவற்றையும் ஒரே அமைப்புக்குக் கொண்டுவர, டெலக்ஸிலும் தொலைபேசியிலும்கூட பட்டியல் பறந்தது. 1965இல் ஹாலந்து-அமெரிக்கா கப்பல் நிறுவனம் அதே உத்தியில் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பட்டியல் அனுப்பியது.

கதை அடுத்து இணையத்துக்கு வருகிறது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், நெட்ஸ்கேப் உலாவிக்காக பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியை எழுதினார். 1999இல் அவுட்லுக் அஞ்சலை உலாவியில் படிப்பதற்காக, பக்கத்தை மாற்றாமலே சர்வரோடு பேசும் வசதியை மைக்ரோசாஃப்ட் செய்தது. மொசில்லா அதைப் பார்த்துத் தானும் செய்துகொண்டது. பாதை திறந்துவிட்டது; ஆனால் அதில் போகும் சரக்குக்கு எக்ஸ்எம்எல் என்ற கனத்த உறை மட்டுமே அப்போது மதிப்புப் பெற்றிருந்தது.

2001 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில், சிப் மார்னிங்ஸ்டார் என்ற நிரலாளரின் கேரேஜிலிருந்து அவரும் டக்ளஸ் கிராக்ஃபோர்டும் ஜாவாஸ்கிரிப்ட் வடிவிலேயே ஒரு தகவல் அனுப்பிப் பார்த்தார்கள்; அதுவே ஜேசானின் தொடக்கம். போகவில்லை! பெயர்களில் ஒன்றாக அவர்கள் வைத்த 'டூ', ஜாவாஸ்கிரிப்ட் தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொல். எந்தச் சொல் ஆகும், எது ஆகாது என்று பட்டியல் போடுவதைவிட, எல்லாப் பெயருக்கும் இரட்டை மேற்கோள் கட்டாயம் என்றார் கிராக்ஃபோர்ட். இன்றும் ஜேசானில் ஒவ்வொரு பெயருக்கும் அந்த மேற்கோள் இருக்கிறது. அவர்களின் வாடிக்கையாளர்கள் 'இது தரநிலை இல்லையே' என்று தயங்க, 2002இல் கிராக்ஃபோர்ட் ஒரு இணைய முகவரி வாங்கி, இலக்கணத்தை ஒரே பக்கத்தில் போட்டுத் தரநிலை என்று அறிவித்துவிட்டார். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் அந்தத் துணிச்சல்தான். காசு கேட்கவில்லை, ஆகவே நகலெடுக்க யாரும் யோசிக்கவில்லை. 2005இல் யாஹூ தன் சேவைகளில் சேர்த்துக்கொண்டது. அடிப்படை யூனிகோட் என்பதால் திண்டுக்கல் பக்கத்து ஊரான 'அகரம்' என்று தமிழிலேயே முகவரி எழுதினாலும் யூடிஎஃப்-8இல் 15 பைட்டாகப் பத்திரமாகப் போகும்.

இந்தியாவில் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. 2020 அக்டோபரில் ரூ.500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மின் விலைப்பட்டியல் கட்டாயமாகி, 2023 ஆகஸ்டில் வரம்பு ரூ.5 கோடிக்கு இறங்கியது. அகரத்தைத் தாண்டி வேடசந்தூர் பக்கம் உள்ள நூற்பாலை ஒன்று, 40ஆம் நம்பர் நூலைத் திருப்பூருக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆலையின் மென்பொருள் பில்லை ஜேசானாக்கி அரசு சர்வருக்கு அனுப்பும். ஒரு காற்புள்ளி கூடினாலும் திரும்பி வரும். சரியாக இருந்தால் 64 எழுத்து எண்ணும் க்யூஆர் குறியும் கிடைக்கும். ஆலையின் ஜிஎஸ்டி எண், பில் எண், ஆவண வகை, நிதியாண்டு ஆகியவற்றிலிருந்து அந்த எண் பிறப்பதால், ஒரே பில்லை இரண்டு முறை பதிய முடியாது.

திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்கு வெகு கீழே இருப்பவை. பதிவு பெற்ற பட்டறைக்கு ஜேசான் அறிமுகமாவது ரிட்டர்ன் போடும் ஆடிட்டர் அலுவலகத்தில்தான். விற்பனை விவரங்களை ஆஃப்லைன் கருவியில் நிரப்பி, அது தரும் ஜேசான் கோப்பை அங்கிருந்து ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுகிறார்கள்.