ரைசோபியம்

ரைசோபியம் என்பது அவரைக் குடும்பத் தாவரங்களின் வேர்களில் முடிச்சுகளை உண்டாக்கி, அவற்றினுள் வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் ஏற்கத்தக்க அம்மோனியாவாக மாற்றித் தரும் மண்வாழ் பாக்டீரியாப் பேரினமாகும். இவை கோல் வடிவின, கிராம்-நெகட்டிவ் வகையின. சோயாவில் முடிச்சிடுவன 1982இல் பிராடிரைசோபியம் எனத் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டன.

வேர் சுரக்கும் பிளேவனாய்டு என்னும் பதார்த்தங்களால் கவரப்பட்டு, வேர்த்தூவியின் வழியே உட்புகும் இந்நுண்ணுயிர்கள், பயிரினிடமிருந்து சர்க்கரைச் சத்தைப் பெற்று, அதற்குப் பிரதியாக நைட்ரஜனை அளிக்கின்றன. நன்கு தொழிற்படும் முடிச்சைக் கீறினால் உட்புறம் இளஞ்சிவப்பாகத் தோன்றும். அது, நைட்ரஜனேஸ் நொதியைப் பிராணவாயுவின் பாதிப்பினின்று காக்கும் லெக்ஹீமோகுளோபினின் நிறமாகும். உட்புறம் வெளிறியோ பச்சையாகவோ இருப்பின் அம்முடிச்சால் பயிருக்குப் பிரயோஜனம் அரிது.

பயறு விதைத்த நிலம் வளம் பெறும் என்பதை உழவர் பண்டைக்காலந்தொட்டே அனுபவத்தால் அறிந்திருந்தனராயினும், அதன் காரணத்தை ஜெர்மானிய விஞ்ஞானிகளாகிய ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886 முதல் 1888 வரையிலான ஆண்டுகளிலேயே நிரூபித்தனர். 1888இல் ஹாலந்து நாட்டுப் பைஜரிங்க் இப்பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். நோபே, ஹில்ட்னர் ஆகியோர் 1896இல் இதனை ‘நைட்ரஜின்’ என்னும் பெயரில் விற்பனைச் சரக்காக்கினர். இன்றைய நுண்ணுயிர் உரங்களின் தொடக்கம் இதுவே எனலாம்.

தமிழ்நாட்டில் ரைசோபிய உரம் உளுந்து, பச்சைப்பயறு, நிலக்கடலை முதலியவற்றிற்கு, ஆறிய அரிசிக் கஞ்சியுடன் கலந்து விதைமேற் பூசப்படுகிறது; அவ்விதை நிழலில் உலர்த்தி விதைக்கப்படுகிறது. பயிருக்கேற்ற வர்க்கத்தைத் தேர்தல் இன்றியமையாதது. பூசணக்கொல்லிகளுடன் ஒருங்கே கலப்பின் இப்பாக்டீரியா மடிந்துவிடும்.